கடலைக் கூப்பிட்டவள்

வயனாய், ஓவாஹு தீவு
ஆகஸ்ட் 12, 2018

என் உயிர்த் தோழி நோஹேயாவுக்கு,

இங்கே நானும் என் நாயும் சௌக்கியம். கடல்தான் சௌக்கியமில்லை, இரண்டு வாரமாகக் குளம் போலக் கிடக்கிறது. அங்கே லாஸ் வேகாஸ் பாலைவனத்தில் நீயும் உன் வீட்டுக்காரர் க்ளேட்டனும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அலையேறும் பலகையை விற்றுவிடும்படி உன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை, இல்லையா? நீ ஊரை விட்டுப் போன நாளிலிருந்து அந்தப் பத்தடிப் பலகை என் வீட்டு வண்டிக்கொட்டகையில்தான் இருக்கிறது. துடைத்து, வெயில் படாமல், எலி அண்டாமல் பார்த்துக்கொள்வது நான். சேதி மட்டும் தங்கைக்கு. அவள் கலிபோர்னியாப் பல் டாக்டர் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மனுஷன் பலகையை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தான், பல்லைத் தட்டிப் பார்க்கிற மாதிரியே. வீட்டுச் சுவரில் அழகுக்கு மாட்டப்போகிறானாம். "கொட்டகைச் சாவி தொலைஞ்சுபோச்சு, அப்புறமா வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கொட்டகைக்குக் கதவே கிடையாது என்பதை அவன் கவனிக்கவில்லை.

இன்னொன்றும் என் காதுக்கு வந்தது. உனக்கு மனை கிடைத்துவிட்டது. இந்தத் தீவுகளின் பூர்வகுடிகளான நம் ஜனங்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய நிலத்தில், நானாகுலியில், கடல் தெரிகிற மேட்டில். இருபத்தைந்து வருஷம் வரிசையில் காத்திருந்த மனை. காத்திருந்தே கண்ணை மூடியவர்கள் எத்தனை பேர், உன் அண்ணன் உட்பட. அதை நீ வேண்டாமென்று எழுதிவிடப்போகிறாயாம். இதைக் கேட்டு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உனக்கு என்னடி ஆச்சு?

செப்டம்பர் கடைசியில் உன் தங்கை மகள் கல்யாணத்துக்கு எப்படியும் வரத்தானே போகிறாய்? அதில் ஒரு நாளை எனக்குக் கொடு. நீ, நான், உன் பலகை, நம் வளைகுடா. அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள்.

கோபத்தோடும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்போடும்,
கேஹாவ்


லாஸ் வேகாஸ்
ஆகஸ்ட் 27, 2018

அன்புள்ள கேஹாவ்,

உன் கடிதத்தை க்ளேட்டனும் படித்தார். "கதவில்லாத கொட்டகைக்குச் சாவியா" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அதற்குத்தான் நான் உன்னிடம் நேராகச் சொல்லவில்லை.

போன வருஷம் எனக்கு இடுப்பெலும்பை மாற்றியது உனக்குத் தெரியும். பிறகு நடந்தது தெரியாது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க எனக்கு சோபா வேண்டும். முதலில் ஒரு முழங்கால், அப்புறம் சோபாவில் கையை ஊன்றுவது, அப்புறம் ஒரு முனகல், அதற்குப் பிறகுதான் நான் எழுவேன். படுத்த நிலையிலிருந்து ஒரே தாவலில் பலகைமேல் எழுந்து நின்றவளுக்கு வந்த கதி இது. பத்தடிப் பலகையில் எந்த இடத்தில் சோபா இருக்கிறது, நீயே சொல்.

மனையைப் பற்றிக் கேட்டாய். அந்த மேட்டில் வீடு கட்டி, கடலைப் பார்த்து நாற்காலி போட்டு, மற்றவர்கள் அலை ஏறுவதைச் சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கவா? என்னால் முடியாது. இங்கேயும் மணல்தான். ஆனால் அலையில்லாத மணல், வயிறு எரியாது. விடுதிக்காரர்களின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம்.

நீ விடமாட்டாய் என்று தெரியும். அதனால் ஒரு பந்தயம். ஒரு நாள் வருகிறேன். ஒரே ஒரு அலையில் நான் எழுந்து நின்றுவிட்டால் பலகை விற்பனைக்கு இல்லை, மனையைப் பற்றி நானே மறுபடி யோசிக்கிறேன். நிற்க முடியவில்லை என்றால் பலகை பல் டாக்டருக்கு. இரண்டில் எது நடந்தாலும் மனையைப் பற்றி நீ வாயைத் திறக்கக் கூடாது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
நோஹேயா


வயனாய்
செப்டம்பர் 9, 2018

என் மணலூர்க்காரிக்கு,

பந்தயம் சரி. ஜெயித்தாலும் தோற்றாலும் என் வாய்க்குத்தான் பூட்டு என்பதைக் கவனித்தேன். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான் பேரம் பேசுவாய்.

வீட்டுக் கம்பளத்தில் பலகை அளவுக்கு நாடா ஒட்டி, தினமும் அதில் குப்புறப் படுத்து எழுந்து பழகு. சோபாவை அடுத்த அறைக்குத் தள்ளும்படி க்ளேட்டனிடம் சொல்.

கடல் தட்டையாகக் கிடந்தால் என்ன செய்வாய் என்று கேட்பாய். கரை முழுக்க அடம்பங்கொடி படர்ந்து பூத்திருக்கிறது. நம் முப்பாட்டன்மார் அலை வேண்டுமென்றால் அந்தக் கொடியால் கடலை அடித்துத்தானே கூப்பிட்டார்கள்? நாம் அதில் ஒரு பூவைக் கிள்ளினாலே உன் அம்மா, "தண்ணி ஏறிடும்டி, கீழ போடு" என்று விரட்டுவாளே, ஞாபகம் இருக்கிறதா? நான் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போடுகிறவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. கொடி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மெழுகும் பழைய துண்டுமாகக் காத்திருக்கும்,
கேஹாவ்


லாஸ் வேகாஸ்
அக்டோபர் 8, 2018

கேஹாவ் கண்ணே,

வந்து சேர்ந்தோம். உடம்பு முழுக்க வலி. எந்த எலும்பு என்னுடையது, எது டாக்டர் வைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த வலியோடு பொத்தான் தைத்துக்கொண்டே தனியாகச் சிரிக்கிறேன். பக்கத்து மேஜைக்காரி, "என்னம்மா, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது வண்டியிலேயே உனக்கு மூன்று தடவை சொன்னேன். அதோடு விட்டாயா? விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நான் பாக்கலடி, எழுதி அனுப்புடி" என்றாய். சரி, அலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பாவிக்காக முதலிலிருந்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து.

விடிந்தும் விடியாமலும் உன் வண்டியில் போய் இறங்கினோம். கடல் இஸ்திரி போட்ட துணி மாதிரி கிடந்தது. கரையில் மட்டும் ஒரே அமளி. கெயோகி மாமாவின் பேரனுக்கு முதல் பிறந்தநாள் விருந்து. ஊர் முழுக்க வரப்போகிறது. முந்தின நாளே கூடாரம் அடித்து, மேஜை போட்டு, ஐஸ் பெட்டிகளை வரிசையாக அடுக்கிவிட்டார்கள். உட்கார்ந்து காலை நீட்டினால் தண்ணீர் படும், அவ்வளவு கிட்டத்தில். கடல் தூங்குகிற தைரியம். நலு என்று, அலையின் பெயரையே பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். அலை வரும் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நீ சுற்றுமுற்றும் பார்த்தாய். பிறகு ஒரு முழம் கொடியைப் பிய்த்து, ஈ விரட்டுவதுபோல் தண்ணீரில் நாலு தட்டுத் தட்டினாய். இரும்புக் கடைக்காரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றதை நான் பார்த்தேன். மாமாவின் மருமகளும் பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, கொடிய கீழ வைங்க. இன்னைக்கு எங்க வீட்டு விசேஷம்."

"சும்மா தமாஷுக்கும்மா."

"கடலுக்குத் தமாஷ் தெரியாது ஆன்ட்டி."

நீ கொடியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டே வண்டிக்கு மெழுகு எடுக்கப் போனாய். நான் காலை நனைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். நீ வந்து கால் வழுக்காமலிருக்க இரண்டு பலகைக்கும் மெழுகு தேய்த்தாய், பலகைக் கயிற்றை என் கணுக்காலில் நீயே கட்டினாய். குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போனோம். அந்தப் பத்தடிக்கு என் வயிற்றை ஞாபகம் இருந்தது கேஹாவ். முன்னைவிட இரண்டு மடங்கு இருக்கிற வயிறுதான். இருந்தும் ஞாபகம் வைத்திருந்தது.

அங்கே ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள் பலகைமேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "ஆன்ட்டி, அலை திங்கக்கிழமைதான்னு போன் சொல்லுது" என்றான். "அந்தப் போனுக்கு யாருடா சொன்னாங்களாம்?" என்றாய் நீ. அவர்கள் சிரித்து முடிக்கவில்லை, தூரத்தில் தண்ணீர் ஒரு கோடாகத் தடித்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கோடு.

முதல் அலையில் எழவே முடியவில்லை. கருவாடு மாதிரி படுத்தபடியே போய், படுத்தபடியே திரும்பினேன். இரண்டாவதில் நம் பழைய தாவலைப் போட்டுப் பார்த்தேன். தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அடியில் உருளும்போது, இந்த இடுப்பு கழன்றுபோனால் கடலுக்குள் யார் போய்த் தேடுவது என்ற நினைப்புதான். மூக்கு வழியே உப்புத் தண்ணீர் ஒழுக உன்னிடம் வந்து சேர்ந்தேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"போதும்டி. டாக்டருக்கே குடுத்துடு" என்றேன்.

நீ ஆறுதல் சொல்வாய் என்று நினைத்தேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தூரத்தைப் பார்த்துக்கொண்டே, "அடுத்தது பெருசு. அதுக்கப்புறம் குடுத்துக்கலாம்" என்றாய்.

அது வந்தது. அவ்வளவு பெரியதை நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். காலையிலிருந்து அதற்குத்தான் காத்திருந்தார்கள். அதே பையன்தான் கையை நீட்டி, "டேய், யாரும் போகாதீங்கடா. இது ஆன்ட்டியோடது" என்றான். அத்தனை பேரும் பலகையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்கள். ஊர் விட்டுப்போன எனக்கு அலைக்குக் காத்திருக்கிற வரிசையில் இன்னும் இடம் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் நான் அழுதேன், முகம் முழுக்கத் தண்ணீராக இருந்ததால் உனக்குத் தெரிந்திருக்காது.

அலை என் காலைத் தூக்கியது. பின்னால் உன் தொண்டை கிழிந்தது: "சோபாவ நெனச்சுக்கோடி."

நீ கேட்டதெல்லாம் இதற்கு மேல்தானே? கேள். நான் தாவவில்லை. முதலில் ஒரு முழங்காலை ஊன்றினேன். அலையில் முழங்கால் போடுகிறவர்களை நாம் எப்படிக் கேலி செய்திருப்போம். போட்டேன். பிறகு பலகையின் விளிம்பில் கையை வைத்தேன், வீட்டில் சோபாவில் வைக்கிற அதே கை. பிறகு வீட்டில் விடுகிற அதே முனகல். பிறகு எழுந்தேன். கம்பளத்திலிருந்து ஒரு கிழவி எழுவதுபோல் எழுந்தேன் கேஹாவ், ஆனால் எழுந்து நின்றேன். கால் தானாக அதன் இடத்துக்குப் போயிற்று. வலதுபக்கம் பச்சைச் சுவராகத் தண்ணீர் என்னோடு ஓடி வந்தது, நான் அதைக் கையால் தடவிக்கொண்டே போனேன். எனக்கு அறுபது வயதாகப்போகிறது என்பதோ, வேகாஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது என்பதோ அந்த நேரத்தில் நினைவில் இல்லை. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்று எனக்கு இல்லை. இதை க்ளேட்டனிடம் சொல்லாதே, அவருக்கே தெரியும்.

இறங்க மனசு வரவில்லை, அலையும் இறக்கிவிடவில்லை. கரையைத் தாண்டிக் கூடாரத்துக்குள்ளேயே கொண்டுபோய் விட்டது. ஐஸ் பெட்டிகள் மிதக்கின்றன. சேப்ப இலையில் சுற்றி அவித்த கறிப் பொட்டலங்கள் என்னைச் சுற்றி வட்டம் போடுகின்றன. கெயோகி மாமா பேரனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நாற்காலிமேல் நிற்கிறார். நான் பலகையிலிருந்து இறங்கி, முழங்கால் தண்ணீரில், பிறந்தநாள் வீட்டின் நடுவே நின்றேன். பிள்ளைதான் முதலில் கை தட்டியது. பிறகு மொத்தக் கூட்டமும் தட்டியது, மாமாவைத் தவிர.

"யாரு கொடிய அடிச்சது?" என்றார் மாமா.

மன்னித்துக்கொள், நான் கடல் பக்கம் கையைக் காட்டினேன். "கேஹாவ்தான் மாமா."

"அவ அடிச்ச லட்சணத்த என் மருமக சொன்னா. அதுக்கு ஒரு நண்டுகூட வராது." மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாரோ நல்லா அடிச்சிருக்கா. கூப்பிட்டவதான் திருப்பி அனுப்பணும், அது தெரியுமில்ல? கடலக் கூப்பிட்டுட்டு ஊரப் பாத்துப் போயிடக் கூடாது."

"புள்ளைக்கு அலைன்னு பேர் வச்சா பொறந்தநாளுக்கு அலை வராம வேற யாரு மாமா வருவா?" என்றேன். மனுஷன் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

அப்புறம் நீ கரைக்கு வந்தாய். தண்டனையாக நாம் இரண்டு பேரும் மேஜைகளை மேட்டுப் புல்லுக்குத் தூக்கிப்போட்டதும், உப்பில் நனைந்த கறியே இன்னும் ருசி என்று மாமா மூன்று பொட்டலம் தின்றதும், உனக்குத் தெரியும். சேப்பங்கூழை நீ எத்தனை கிண்ணம் குடித்தாய் என்பதும் எனக்குத் தெரியும்.

பலகையை விற்காதே. மற்றதைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். க்ளேட்டன் சோபாவைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டார்.

வலியிலும் சிரித்துக்கொண்டிருக்கும்,
நோஹேயா


வயனாய்
அக்டோபர் 20, 2018

என் தங்கமே,

உன் கடிதத்தை நாய்க்குக்கூடப் படித்துக் காட்டினேன். இரண்டு திருத்தம். சேப்பங்கூழ் இரண்டே கிண்ணம்தான். அடுத்தது, நான் பார்க்கவில்லை என்று சொன்னேனே, அது முழு நிஜமில்லை.

அலைக்குப் பின்னால் இருக்கிறவளுக்கு அலையின் முதுகுதான் தெரியும். நீ கீழே சரிந்து மறைந்துபோனாய். பிறகு அந்த முதுகுக்கு மேலே உன் வெள்ளைக் கொண்டை எட்டிப் பார்த்தது. பாதியில் நின்றது; அது உன் முழங்கால் என்று இப்போதுதான் தெரிகிறது. அப்புறம் மீதியும் எழுந்தது. அந்தக் கொண்டை கலையாமல் கரையைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. பக்கத்துப் பையன், "ஆன்ட்டி நிக்கிறாங்க, ஆன்ட்டி நிக்கிறாங்க" என்று தண்ணீரை அறைகிறான். நான் உன் பெயரைக் கத்திக் கத்தி, அடுத்த அலை தலையில் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பந்தயம் வைத்த அன்றிலிருந்து எனக்கு உள்ளுக்குள் உதறல்தான் நோஹேயா. நீ நிற்காமல் போயிருந்தால் உன் பலகை மட்டுமா போயிருக்கும்?

இங்கே செய்தி என்னவென்றால், அலை இன்னும் இறங்கவில்லை. ஒன்று போனால் ஒன்று வருகிறது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கெயோகி மாமா கடைக்கு வந்து, ஆணி வாங்குகிற சாக்கில், "உன்னாலதானே என் கூடாரம் போச்சு. எப்ப திருப்பி அனுப்பப்போற?" என்கிறார். "குளிர்காலம் தொடங்கிடுச்சு மாமா, வடக்குப் புயல் அலை" என்றேன். "அந்தப் புயலுக்கு யாரு சொன்னாங்களாம்?" என்று என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பல் டாக்டர் மறுபடி வந்தான். சாவி கிடைத்துவிட்டது, பலகைதான் இல்லை என்றேன். அவன் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது.

மனையைப் பற்றி இந்தக் கடிதத்தில் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை என்பதைக் கவனி. எழுதாமல் இருக்க நான் படுகிற பாடு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

வாயைப் பூட்டிக்கொண்டு,
உன் கேஹாவ்


லாஸ் வேகாஸ்
நவம்பர் 3, 2018

கேஹாவ்,

பூட்டைத் திறந்துகொள். மனை வேண்டும் என்று நேற்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்த்துவிட்டோம். க்ளேட்டன் பெட்டிக்குள் அதைப் போட்ட பிறகும் கையை உள்ளே விட்டு, நிஜமாகவே விழுந்துவிட்டதா என்று துழாவிப் பார்த்தார். வீடு எழும்பும்வரை உன் பின்கட்டு அறை எங்களுக்கு. நாயிடம் இப்போதே சொல்லிவை. சோபாவை இங்கேயே விற்றுவிட்டு வருகிறோம்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன் என்று பயந்தேனே, பார்ப்பேன்தான், கால் ஆறும்வரை. அப்புறம் எழுந்து வந்து வரிசையில் என் இடத்தில் உட்காருவேன்.

இப்போது ஒரு விஷயம். மாமா சும்மா சும்மா உன்னைப் பிடித்து உலுக்குகிறாரே, அவரிடம் போய்ச் சொல், அது நீ இல்லை என்று. உன் நாலு தட்டுக்கு நண்டுகூட வராது, அவர் சொன்னது சரிதான். நீ மெழுகு எடுக்க வண்டிக்குப் போனாயே, அப்போது நான் சும்மா காலை நனைத்துக்கொண்டு நிற்கவில்லை. கூடாரத்துக்கு மறைவாக இருந்த கொடியைக் கட்டுக் கட்டாகப் பிடுங்கி, இரண்டு கையாலும் முறுக்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கை ஓயும்வரை அடித்தேன். வா என்றுகூடக் கூப்பிடவில்லை. என்னைத் தெரியுதா, என்னைத் தெரியுதா என்று கேட்டுக் கேட்டுத்தான் அடித்தேன். அம்மா இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாள். உன் காலடி கேட்டதும் கொடியைத் தண்ணீரில் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் வந்து நின்றேன்.

ஆகவே மாமாவிடம் இப்படிச் சொல். கடலைக் கூப்பிட்டவள் ஜனவரியில் வருகிறாள். திருப்பி அனுப்புகிற உத்தேசம் அவளுக்கு இல்லை. அடுத்த பிறந்தநாளுக்குக் கூடாரத்தை மேட்டில் அடிக்கட்டும்.

உன்,
நோஹேயா